கஸ் கார்சியா

குஸ்தாவோ சி. கார்சியா (ஜூலை 27, 1915 - ஜூன் 3, 1964) ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த வழக்கறிஞரும் குடியுரிமைச் செயற்பாட்டாளரும் ஆவார். கஸ் கார்சியா என்ற சுருக்கப் பெயராலேயே இவர் பரவலாக அறியப்படுகிறார். மெக்சிக்க வழிவந்த அமெரிக்கர்களின் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்கி வைத்த வழக்கத்திற்கு எதிராக 1940களில் இவர் நீதிமன்றங்களில் வாதாடினார். 1954 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த எர்னாண்டஸ் எதிர் டெக்சாஸ் வழக்கில் மனுதாரர் சார்பில் வாதிட்டவர்களுள் இவரே முதன்மையானவர். மெக்சிக்க அமெரிக்கர்களுக்கு அரசியலமைப்பின் 14 ஆம் திருத்தம் அளிக்கும் சமப் பாதுகாப்பு உண்டு என்பதை உறுதி செய்த முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதுவாகும். 1960களின் பிற்பகுதியில் எழுந்த சிக்கானோ இயக்கத்தின் சட்டப் போராட்டங்கள் பலவற்றுக்கு இத்தீர்ப்பு அடிப்படையாக அமைந்தது.

பின்னணி

இன்றைய டெக்சாஸ் ஒரு காலத்தில் எசுப்பானியப் பேரரசின் பகுதியாகவும், பின்னர் மெக்சிக்கோவின் பகுதியாகவும் இருந்தது. 1836 இல் அது மெக்சிக்கோவிலிருந்து பிரிந்து தனிக் குடியரசானது. 1845 இல் ஐக்கிய அமெரிக்காவுடன் இணைந்தது. இதனைத் தொடர்ந்து நிகழ்ந்த போரின் முடிவில், 1848 பிப்ரவரி 2 அன்று குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கை கையெழுத்தானது. இதன்படி கலிபோர்னியா உள்ளிட்ட பெரும் நிலப்பரப்பு ஐக்கிய அமெரிக்காவின் கைக்கு வந்தது. அங்கு வாழ்ந்த மெக்சிக்கர்கள் விரும்பினால் அமெரிக்கக் குடிமக்கள் ஆகலாம் என்றும் அவ்வுடன்படிக்கை கூறியது.

அக்காலத்தில் குடியுரிமை வெள்ளையர்க்கே உரியதாக இருந்தமையால், சட்டத்தின் பார்வையில் மெக்சிக்க அமெரிக்கர்கள் வெள்ளையர்களாகவே கருதப்பட்டனர். நடைமுறை வேறாக இருந்தது. டெக்சாசின் பல ஊர்களில் அவர்களது பிள்ளைகளுக்கு மெக்சிக்கப் பள்ளி என்ற பெயரில் தனிக் கட்டடம் இருந்தது. உணவகங்கள் சிலவற்றில் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. ஜூரிகளில் அவர்கள் அமர்த்தப்படவில்லை. ஆயினும், அவர்கள் நீதிமன்றத்தில் முறையிட்டபோது, வெள்ளையர்களை வெள்ளையர்கள் பாகுபடுத்துவது எவ்வாறு என்ற கேள்வியே விடையாகக் கிடைத்தது. ஏட்டில் வெள்ளையராகவும் வாழ்வில் வேற்றினத்தவராகவும் வைக்கப்பட்ட இந்த இரட்டை நிலையே கார்சியாவின் வாழ்நாள் பணிக்குக் களமாயிற்று.

பிறப்பும் கல்வியும்

கார்சியா மெக்சிக்க எல்லையை ஒட்டிய லாரிடோ நகரில் பிறந்தார். குடும்பம் சான் அந்தோனியோவுக்குக் குடிபெயர்ந்தமையால் பள்ளிக் கல்வியை அந்நகரில் பெற்றார். 1932 இல் தாமஸ் ஜெபர்சன் உயர்நிலைப் பள்ளியில் முதல் மாணவராகத் தேறினார். அப்பள்ளியின் வரலாற்றில் அச்சிறப்பைப் பெற்ற முதலாமவர் இவரே. கல்வி உதவித்தொகையுடன் ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1936 இல் இளங்கலைப் பட்டமும் 1938 இல் சட்டப் பட்டமும் பெற்றார். மெக்சிக்க அமெரிக்க மாணவர்கள் பல்கலைக்கழகம் வரை செல்வது அரிதாக இருந்த காலம் அது. பல்கலைக்கழகச் சொற்போர் அணியில் இவர் சிறந்து விளங்கினார். ஆங்கிலம், எசுப்பானியம் ஆகிய இரு மொழிகளிலும் தங்குதடையின்றிப் பேச வல்லவராயிருந்தது பிற்காலத்தில் நீதிமன்றத்திலும் பொதுக்கூட்ட மேடையிலும் இவருக்குக் கைகொடுத்தது.

தொழிலும் போர்ப் பணியும்

பட்டம் பெற்றபின் சான் அந்தோனியோ அமைந்துள்ள பெக்சார் கவுண்டியில் உதவி அரசு வழக்கறிஞராகவும், 1941 இல் நகர நிர்வாகத்தின் உதவி வழக்கறிஞராகவும் பணியாற்றினார். 1929 இல் கார்பஸ் கிறிஸ்டி நகரில் தொடங்கப்பட்ட ஐக்கிய இலத்தீன் அமெரிக்கக் குடிமக்கள் கழகத்திற்கு (லூலாக்) 1939-40 காலத்தில் சட்ட ஆலோசகராக இருந்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது படைக்கு அழைக்கப்பட்டு, தரைப்படையில் லெப்டினன்ட் நிலை வரை உயர்ந்தார். படைத்துறையின் சட்டப் பிரிவைச் சேர்ந்தவராக ஜப்பானிலும் பணிபுரிந்தார். போரில் பல்லாயிரக்கணக்கான மெக்சிக்க அமெரிக்கர்கள் பங்கெடுத்திருந்தனர். நாட்டுக்காகப் போரிட்டுத் திரும்பியவர்கள் தம் ஊரில் பழைய ஒதுக்கலையே மீண்டும் கண்டனர். அப்போது எழுந்த மனக்கொதிப்பே 1940களின் இறுதியில் டெக்சாசில் குடியுரிமை இயக்கம் வலுப்பெறக் காரணமாயிற்று. சான் அந்தோனியோ திரும்பிய கார்சியா, 1947 தொடக்கத்தில் அங்கிருந்த மெக்சிக்கத் துணைத் தூதரகத்தின் சட்டப் பணியில் சேர்ந்தார்.

பள்ளிப் பிரிவினைக்கு எதிரான வழக்குகள்

கலிபோர்னியாவில் மெண்டஸ் எதிர் வெஸ்ட்மின்ஸ்டர் வழக்கில், மெக்சிக்கக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்குவது தவறு என 1946 இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1947 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அம்முடிவை உறுதி செய்தது. இவ்வெற்றியை டெக்சாசிலும் நிகழ்த்த வேண்டும் என கார்சியா முனைந்தார். 1947 ஏப்ரலில் கியூரோ என்னும் ஊரின் மெக்சிக்கப் பள்ளியை மூடக் கோரி நடவடிக்கை எடுத்தார்.

இதன் அடுத்த படியாக அமைந்தது டெல்காடோ எதிர் பாஸ்ட்ரப் வழக்கு. மினர்வா டெல்காடோ என்ற மாணவியும் பிறரும் மனுதாரர்களாக இருந்த இவ்வழக்கில் பாஸ்ட்ரப் உள்ளிட்ட சில பள்ளி மாவட்டங்கள் எதிர்வாதிகளாக்கப்பட்டன. லூலாக் அமைப்பின் ஆதரவும், டெக்சாஸ் பல்கலைக்கழகக் கல்வியியல் பேராசிரியர் ஜார்ஜ் ஐ. சான்சஸின் ஆலோசனையும் கார்சியாவுக்குக் கிடைத்தன. 1948 ஜூன் 15 அன்று நீதிபதி பென் எச். ரைஸ் தீர்ப்பளித்தார். மெக்சிக்க வழிவந்த மாணவர்களைத் தனியே ஒதுக்குவது 14 ஆம் திருத்தத்திற்கு முரணானது என அவர் முடிவு செய்தார். ஆங்கிலம் அறியாத மாணவர்களுக்கு முதல் வகுப்பில் மட்டும், அதுவும் முறையான தேர்வின் அடிப்படையில், அதே பள்ளி வளாகத்திலேயே தனி வகுப்பு நடத்தலாம் என்று ஒரு விலக்கையும் அளித்தார்.

இந்த ஒரு விலக்கே பின்னர் பெரும் ஓட்டையாகிவிட்டது. மொழியைக் காரணம் காட்டிப் பல பள்ளி நிர்வாகங்கள் பிரிவினையைத் தொடர்ந்தன. தீர்ப்பை நடைமுறைப்படுத்த முயன்ற மாநிலக் கல்விக் கண்காணிப்பாளர் எல். ஏ. உட்ஸ், 1949 இல் டெல் ரியோ பள்ளி மாவட்டத்தின் அங்கீகாரத்தை நீக்கினார். அதன்பின் அவர் வகித்த பதவியையே சட்டமன்றம் ஒழித்தது. புதிதாக நியமிக்கப்பட்ட ஆணையர் டெல் ரியோவின் அங்கீகாரத்தைத் திரும்ப அளித்தார். நீதிமன்றத்தில் பெற்ற வெற்றி வகுப்பறை வரை சென்று சேர்வதற்கு நெடுங்காலம் ஆகும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

1948 ஏப்ரலில் சான் அந்தோனியோ பள்ளி மாவட்டத்தின் நிர்வாகக் குழுவுக்கு கார்சியா தேர்ந்தெடுக்கப்பட்டார். மெக்சிக்க அமெரிக்கர் அல்லாதோரும் லூலாக் அமைப்பில் உறுப்பினராகும் வகையில் அதன் அமைப்பு விதிகள் 1949 இல் திருத்தப்பட்டன. இத்திருத்தத்திலும் இவருக்குப் பங்குண்டு.

பெலிக்ஸ் லொங்கோரியா நிகழ்வு

டெக்சாசின் திரீ ரிவர்ஸ் என்னும் சிற்றூரைச் சேர்ந்த பெலிக்ஸ் லொங்கோரியா என்ற படைவீரர் 1945 இல் பிலிப்பைன்சின் லூசோன் தீவில் கொல்லப்பட்டார். அவரது உடல் எச்சங்கள் 1949 இல் சொந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டபோது, இறுதி வழிபாட்டுக்கெனத் தன் கூடத்தைத் தர அவ்வூர் ஈமச்சடங்கு நிறுவனத்தின் உரிமையாளர் மறுத்தார். வெள்ளையர்கள் விரும்பமாட்டார்கள் என்பதே அவர் கூறிய காரணம். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்க ஜி.ஐ. மன்றம் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பை நிறுவியிருந்த மருத்துவர் எக்டர் பி. கார்சியா (கஸ் கார்சியாவின் உறவினர் அல்லர்) இச்செய்தியை நாடறியச் செய்தார். அன்று செனட் உறுப்பினராக இருந்தவரும் பிற்காலத்தில் குடியரசுத் தலைவரானவருமான லிண்டன் ஜான்சன் தலையிட்டதன் பேரில், 1949 பிப்ரவரி 16 அன்று ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் லொங்கோரியா படைத்துறை மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார்.

இதனை விசாரிக்க டெக்சாஸ் சட்டமன்றம் ஒரு குழுவை அமைத்தது. அதன் முன் நடந்த விசாரணையில் ஜி.ஐ. மன்றத்தின் தரப்புக்கு கஸ் கார்சியா சட்டத் துணையாக இருந்தார். இனப் பாகுபாடு ஏதும் நிகழவில்லை எனக் குழுவின் பெரும்பான்மை அறிக்கை கூறிற்று. குழுவின் எல்லா உறுப்பினர்களும் அதனை ஏற்கவில்லை. மாநில நிர்வாகத்திடமிருந்து நீதி கிடைப்பது அரிது என்ற எண்ணத்தை இவ்வறிக்கை மெக்சிக்க அமெரிக்கத் தலைவர்களிடம் வலுப்படுத்தியது.

எர்னாண்டஸ் எதிர் டெக்சாஸ் வழக்கு

வழக்கின் தோற்றம்

1951 ஆகஸ்டில் ஜாக்சன் கவுண்டியின் எட்னா என்னும் ஊரில், மதுக்கூடம் ஒன்றில் எழுந்த தகராறைத் தொடர்ந்து பீட் எர்னாண்டஸ் என்ற பண்ணைத் தொழிலாளி மற்றொரு மெக்சிக்க அமெரிக்கரைச் சுட்டுக் கொன்றார். அவருக்காக வாதாட கார்சியா கட்டணமின்றி முன்வந்தார். ஹூஸ்டன் வழக்கறிஞர்கள் ஜான் ஜே. எரேரா, ஜேம்ஸ் டெஆண்டா ஆகியோர் இவருடன் இணைந்தனர். மேல்முறையீட்டுக் கட்டத்தில் சான் அந்தோனியோவின் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் கார்லஸ் கடேனா முக்கியப் பங்காற்றினார்.

எர்னாண்டஸ் சுட்டார் என்பதில் பெரிய ஐயம் இருக்கவில்லை. அவரைக் குற்றம் சாட்டிய கிராண்ட் ஜூரியும் விசாரித்த ஜூரியும் எவ்வாறு தெரிவு செய்யப்பட்டன என்பதையே கார்சியா கேள்விக்கு உள்ளாக்கினார். அக்கவுண்டியின் மக்களில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் மெக்சிக்க அல்லது இலத்தீன் அமெரிக்கக் குடும்பப் பெயர் கொண்டவர்கள். ஆயினும், கடந்த 25 ஆண்டுகளில் அத்தகைய பெயருடைய ஒருவர் கூட ஜூரியில் இடம்பெற்றதில்லை என்பதை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. வழக்கு நடைபெற்ற நீதிமன்றக் கட்டடத்திலேயே ஆண்களுக்கு இரு கழிப்பறைகள் இருந்தன. ஒன்றில் பெயர்ப்பலகை இல்லை. மற்றொன்றில் அது கறுப்பினத்தவருக்குரியது என ஆங்கிலத்திலும், ஆண்களுக்கான இடம் இதுவே என எசுப்பானியத்திலும் எழுதப்பட்டிருந்தது. சட்டத்தின் முன் மெக்சிக்கர்கள் வெள்ளையர்களே என்று வாதிட்ட அரசுக்கு எதிராக, அதே கட்டடத்தின் சுவரே சான்றாக அமைந்தது.

எட்னாவில் இரவு தங்குவது பாதுகாப்பானதன்று என்பதால், வழக்கறிஞர்கள் நாள்தோறும் ஹூஸ்டனிலிருந்து நெடுந்தொலைவு பயணம் செய்தே விசாரணைக்கு வந்தனர். ஜூரி எர்னாண்டஸைக் குற்றவாளி எனக் கண்டது. அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இரு வகுப்புக் கோட்பாடு

1952 இல் டெக்சாஸ் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. 14 ஆம் திருத்தம் வெள்ளையர், கறுப்பினத்தவர் என்னும் இரு வகுப்புகளை மட்டுமே கருதுகிறது என்பது அதன் நிலைப்பாடு. மெக்சிக்கர்கள் வெள்ளையர்கள்; ஜூரியில் இருந்தவர்களும் வெள்ளையர்கள்; ஆகவே பாகுபாடு இல்லை என அது முடிவு செய்தது.

இங்கு கார்சியாவும் அவரது தோழர்களும் கடினமான ஒரு தெரிவை எதிர்கொண்டனர். அதுவரை லூலாக் போன்ற அமைப்புகள், மெக்சிக்க அமெரிக்கர்களும் வெள்ளையர்களே, ஆதலால் அவர்களைப் பிரித்து வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்றே வாதிட்டு வந்தன. கறுப்பின மக்களின் போராட்டத்திலிருந்து விலகி நிற்க இவ்வாதம் இடமளித்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் இதனைக் குறை கூறியுள்ளனர். இப்போது அதே வாதம் அவர்களுக்கு எதிராகவே திரும்பியது. எனவே, சட்டப்படி எந்த இனத்தவராகக் கருதப்பட்டாலும், நடைமுறையில் தனி வகுப்பாக ஒதுக்கி நடத்தப்படும் மக்களுக்கும் அரசியலமைப்பின் பாதுகாப்பு உண்டு என்ற புதிய வாதத்தை அவர்கள் முன்வைத்தனர்.

உச்ச நீதிமன்றத்தில்

லூலாக், ஜி.ஐ. மன்றம் ஆகிய அமைப்புகளும் எளிய மக்களும் அளித்த சிறு நன்கொடைகளைக் கொண்டே வழக்குச் செலவு ஈடுகட்டப்பட்டது. உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்றது. 1954 ஜனவரி 11 அன்று கார்சியாவும் கடேனாவும் வாஷிங்டனில் வாதங்களை முன்வைத்தனர். அந்நீதிமன்றத்தில் வாதாடிய முதல் மெக்சிக்க அமெரிக்க வழக்கறிஞர்களாக இவர்கள் கருதப்படுகின்றனர். மெக்சிக்க அமெரிக்கர்கள் நாட்டின் குடிமக்கள்தாமா, அவர்களுக்கு ஆங்கிலம் தெரியுமா என்பன போன்ற அடிப்படைக் கேள்விகள் நீதிபதிகளிடமிருந்து எழுந்ததாக உடனிருந்தோர் பின்னாளில் நினைவுகூர்ந்தனர். ஆங்கிலேய வழியினர் வந்து சேர்வதற்கு நெடுங்காலம் முன்பே தம் மக்கள் டெக்சாசில் வாழ்ந்தனர் என்பதை கார்சியா எடுத்துரைத்தார். அவருக்குரிய நேரம் முடிந்த பின்னரும் பேச்சைத் தொடர தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் இசைவளித்தார் என்பது அவரது தோழர்கள் பெருமையுடன் கூறிவந்த செய்தியாகும்.

தீர்ப்பு

1954 மே 3 அன்று நீதிபதிகள் அனைவரும் ஒருமித்து எர்னாண்டஸ் தரப்புக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். தீர்ப்பை எழுதியவர் வாரன். 14 ஆம் திருத்தம் இரு வகுப்புகளுக்கு மட்டும் உரியதன்று எனவும், சமூகத்தின் தப்பெண்ணங்கள் காலத்திற்குக் காலம் மாறுபவை ஆதலால் ஒரு பிரிவினர் தனி வகுப்பாக நடத்தப்படுகின்றனரா என்பது சான்றுகளால் நிறுவப்பட வேண்டிய செய்தி எனவும் அது கூறியது. ஜாக்சன் கவுண்டியின் தனிப் பள்ளி, உணவக அறிவிப்பு, நீதிமன்றக் கழிப்பறை ஆகியன அச்சான்றுகளாக ஏற்கப்பட்டன. தகுதியுள்ளோர் பலர் இருந்தும் 25 ஆண்டுகள் ஒருவரும் தெரிவாகாதது தற்செயல் என்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே வேளையில், மக்கள்தொகை விகிதப்படி ஜூரியில் இடம் தரவேண்டும் என்று அது கூறவில்லை. திட்டமிட்டு விலக்கக்கூடாது என்பதே அதன் முடிவு.

பள்ளிகளில் கறுப்பின மாணவர்களை ஒதுக்குவது செல்லாது என்ற புகழ்பெற்ற பிரவுன் வழக்குத் தீர்ப்பு இதற்குச் சரியாக இரு வாரங்கள் கழித்து, மே 17 அன்று வெளிவந்தது. அதன் பேரொலியில் எர்னாண்டஸ் தீர்ப்பு பொதுமக்களின் கவனத்தை அதிகம் பெறவில்லை. அவ்வாண்டே வழக்கின் வரலாற்றைக் கூறும் சிறுநூல் ஒன்று சான் அந்தோனியோவில் வெளிவந்தது. நன்கொடை அளித்த மக்களுக்கு வழக்கின் போக்கை விளக்கும் அறிக்கையை கார்சியா அதில் எழுதினார்.

எர்னாண்டஸின் தண்டனை நீக்கப்பட்டு வழக்கு மறுவிசாரணைக்கு அனுப்பப்பட்டது. அவர் மீண்டும் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டு 20 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். ஒருவரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதன்று, எவரையும் தம்மவரை விலக்காத ஜூரியின் முன் நிறுத்துவதே இவ்வழக்கின் நோக்கமாக இருந்தது என்பதை இதனால் அறியலாம்.

இறுதிக் காலம்

பெருவெற்றிக்குப் பின் கார்சியாவின் தனி வாழ்வு தளர்ந்தது. மதுப்பழக்கம் நெடுங்காலமாகவே அவரைப் பற்றியிருந்தது. மனநலக் குறைவால் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டுச் சிகிச்சை பெற்றார். பண நெருக்கடியும் சேர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் வழக்கறிஞர் தொழில் செய்யும் உரிமமும் இடைநிறுத்தம் செய்யப்பட்டது. 1964 ஜூன் 3 அன்று சான் அந்தோனியோவின் பழைய சந்தைப் பகுதியில், நீளிருக்கை ஒன்றில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 48. குடியுரிமைச் சட்டம் நாட்டில் நிறைவேறியது அதற்கு அடுத்த மாதத்தில்தான். முன்னாள் படைவீரர் என்ற முறையில் அந்நகரின் போர்ட் சாம் ஹூஸ்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

சிக்கானோ இயக்கத்தில் தாக்கம்

கார்சியா மறைந்து சில ஆண்டுகளில் மெக்சிக்க அமெரிக்க இளைஞர்கள் தங்களைச் சிக்கானோ என்று பெருமையுடன் அழைத்துக்கொண்டு புதிய இயக்கத்தைத் தொடங்கினர். வெள்ளையராக ஏற்கப்பட வேண்டும் என்ற முந்தைய தலைமுறையின் விருப்பத்தை அவர்கள் கைவிட்டனர். ஆயினும், நீதிமன்றங்களில் அவர்கள் கையாண்ட கருவிகளுள் முதன்மையானது கார்சியா பெற்றுத் தந்த தீர்ப்பே ஆகும்.

1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்து வெளியேறினர். அதன் தொடர்பில் 13 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர்களுக்காக வாதாடிய சிக்கானோ வழக்கறிஞர் ஆஸ்கர் செட்டா அகோஸ்டா, குற்றம் சாட்டிய கிராண்ட் ஜூரியில் தம் மக்கள் விலக்கப்பட்டனர் என்பதை எர்னாண்டஸ் தீர்ப்பின் அடிப்படையில் நிறுவ முயன்றார். ஜூரிக்குப் பெயர்களை முன்மொழியும் நீதிபதிகளையே அவர் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரித்தார்.

அதே 1968 இல் சான் அந்தோனியோவில் மெக்சிக்க அமெரிக்கச் சட்டப் பாதுகாப்பு மற்றும் கல்வி நிதியம் தொடங்கப்பட்டது. தனி ஒருவர் கட்டணமின்றி வாதாடி வந்த நிலை மாறி, நிலையான ஓர் அமைப்பு அப்பணியை மேற்கொண்டது. 1970 இல் கார்பஸ் கிறிஸ்டி பள்ளி வழக்கில், மெக்சிக்க அமெரிக்கர்கள் தனித்த சிறுபான்மையினர் என்பதைக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் ஏற்றது. அவ்வழக்கில் வாதாடியவர் எட்னாவில் கார்சியாவுடன் பணியாற்றிய டெஆண்டா. இவர் 1979 இல் கூட்டாட்சி நீதிபதியானார். 1973 இல் டென்வர் பள்ளி வழக்கில் உச்ச நீதிமன்றமும், 1977 இல் டெக்சாசின் கிராண்ட் ஜூரி தெரிவு குறித்த மற்றொரு வழக்கில் அதே நீதிமன்றமும் எர்னாண்டஸ் தீர்ப்பை மேற்கோளாகக் கொண்டன.

நினைவு

நெடுங்காலம் சட்ட மாணவர்களிடையே கூட கார்சியாவின் பெயர் அதிகம் அறியப்படாமல் இருந்தது. 2004 இல் எர்னாண்டஸ் தீர்ப்பின் 50 ஆம் ஆண்டு நிறைவையொட்டி அவ்வழக்கு பற்றிய கருத்தரங்குகளும் ஆய்வுகளும் பெருகின. 2009 இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி இவ்வழக்கைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை ஒளிபரப்பியது. சான் அந்தோனியோவில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு இவர் பெயர் சூட்டப்பட்டது. ஆஸ்டின் நகர முதல்வராக இருந்த கஸ் எல். கார்சியா என்பவர் வேறொருவர். பெயர் ஒற்றுமையால் இருவரும் ஒருவரெனக் குழப்பிக் கொள்ளப்படுவதுண்டு.